அட்டையில் 240 என்று போட்டிருந்ததாம்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இங்கேயும் இருக்கிறீர்கள். நண்பன் வாங்கிய புது டிவியைப் பார்த்து நான் முகம் சுளித்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக "இவனுக்குக் குறை கண்டுபிடிக்கத்தான் தெரியும்" என்று எல்லோர் முன்பும் அவன் சொல்ல வேண்டுமா?

மூன்று வாரம் என்னிடம் யோசனை கேட்டவன் அவன்தான். நான் முதலில் சொன்னது ஒன்றே ஒன்று: பேனலின், அதாவது திரையின், உண்மையான ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்ற கணக்கு) எவ்வளவு என்று கேள், அங்குலத்தை அப்புறம் பார்க்கலாம். அவன் தூக்கி வந்தது, அட்டையில் 240 என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டி. உள்ளே இருப்பது 60 ஹெர்ட்ஸ் பேனல். அந்த 240 விளம்பரத் துறை பெற்ற பிள்ளை.

"கண்ணுக்கு என்ன தெரியப்போகிறது?" என்பீர்கள். சினிமா என்பது நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி வரும். அதனால் ஒரு ஃபிரேமை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கிறார்கள். கேமரா மெல்ல நகரும்போது படம் நொண்டுவது இதனால்தான். 120 என்றால் ஒவ்வொன்றும் சரியாக ஐந்து முறை. இதில் ரசனைக்கு என்ன வேலை? வகுத்தல் கணக்கு. நொண்டலை மறைக்க, இடையில் புது ஃபிரேம்களை டிவியே உருவாக்கிச் செருகும் மோஷன் ஸ்மூத்திங்கைப் போட்டால் படம் மெகா தொடர் மாதிரி வழவழத்துப் போகிறது. 2018-இல் டாம் குரூஸே வீடியோ வெளியிட்டு அதை அணைக்கச் சொன்னார். அவரையும் குறை சொல்பவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ கேமுக்கு அது இன்னும் மோசம். இல்லாத ஃபிரேமை டிவி கற்பனை செய்து முடிப்பதற்குள் எதிரி உங்களைச் சுட்டுவிடுவான். இந்த மெருகேற்றும் வேலைகளை அணைக்கும் கேம் மோடைப் போட்டால் பாதித் தொல்லை தீரும். அன்று அதைச் செய்யத்தான் ரிமோட்டை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டான்.

"எச்டிஎம்ஐ 2.1 இருக்கிறதே" என்று, கேபிள் செருகும் இணைப்பின் புதுத் தரத்தைக் காட்டியும் ஒருவர் வாதாடினார். ஐயா, 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் காட்டுவதும், கேமின் வேகத்துக்கு ஏற்ப ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆரும் அந்தப் பெயருக்குள் கட்டாயமே இல்லை. பேனலின் ஹெர்ட்ஸைக் கேளுங்கள் என்று வேறு எப்படித்தான் சொல்வது?

நானும் ஏமாந்தவன்தான். என் முதல் டிவியை எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் தரம்) முத்திரையைப் பார்த்து வாங்கினேன். சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுவதற்குத்தான் வெளிச்சம் கிடையாது. இரவுக் காட்சிகளில் சாம்பல் மூட்டமும் என் முகமும் தெரியும். இரண்டு ஆண்டு வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது வாய் திறந்தால் மேதாவி என்கிறீர்கள்.

படம் மட்டும் பார்ப்பவருக்கு 120 எதற்கு என்றால், சரி, 24-ஐ ஒழுங்காகக் காட்டும் 60 ஹெர்ட்ஸ் டிவிகளும் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் ஸ்கோர் பட்டை தழும்பாகத் தங்கிவிடும் என்பதும், ஒரே ஆட்டத்தை நாள் கணக்கில் ஆடுபவருக்கு உண்மைதான். அதையும் அவனுக்குச் சொன்னவன் நான். அதற்கும் நன்றி வரவில்லை.

இன்று காலை அவனிடமிருந்து செய்தி: "சவுண்ட்பார் எது வாங்கலாம்?" பதிலை எழுதி வைத்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.