பெர்பிக் கணக்கு இங்க செல்லாதுண்ணே

அண்ணே, குத்துச்சண்டையில முகமது அலி பெருசா, மைக் டைசன் பெருசான்னு பேசுறப்ப, ‘அலியை பெர்பிக் ஜெயிச்சாரு, அந்த பெர்பிக்கை டைசன் 2 ரவுண்டுல சாய்ச்சாரு, அதனால டைசன்தான் அலியை அடிச்சிருப்பாரு’ன்னு எழுதியிருக்கீங்க. முடிவை விடுங்க, கணக்கே தப்பு.

பெர்பிக் ஜெயிச்சது 1981 டிசம்பர்ல, அதுவும் புள்ளிக் கணக்குல. அலிக்கு 40 ஆக ஒரு மாசம்தான் பாக்கி. அதுதான் அவரோட கடைசி ஃபைட். அலங்காநல்லூர்ல பல்லு விழுந்த காளையை அணைஞ்சிட்டு, அது இளவட்டமா இருந்தப்பவே அணைஞ்சதா மார்தட்ட முடியுமா? டைசன் பெர்பிக்கைச் சாய்ச்சது 1986ல. டைசனுக்கு அப்ப வயசு 20.

ஒப்பிடணும்னா 1960கள்ல இருந்த அலியை எடுங்க. 6 அடி 3 அங்குலம். டைசன் 5 அடி 10. டைசன் உள்ள புகுந்து அடிச்சாத்தான் வேலை நடக்கும். 1990ல டோக்கியோவுல பஸ்டர் டக்ளஸ்ங்கிற வீரர் இடது கை ஜாப்பை, அதாவது நேர்க்குத்தை, மூஞ்சிக்கு நேரா நீட்டி நீட்டியே டைசனை உள்ள புகவிடாம தடுத்தாரு. 10ஆவது ரவுண்டுல டைசன் முட்டி போட்டு, கழண்டு விழுந்த பல்லுக் கவசத்தைத் துழாவிக்கிட்டு இருந்தாரு!

அதுக்காக அலிக்கு சுலபம்னும் சொல்லலை. 1963ல ஹென்றி கூப்பரோட இடது ஹூக், அதாவது கையை வளைச்சு பக்கவாட்டுல விடுற குத்து, அவரையே கீழ உட்கார வச்சிருச்சு. அதே ஹூக் டைசன் கையிலயிருந்து வந்தா... அந்தச் சண்டையை சிம்மக்கல் டீக்கடையில வச்சுக்குவோம்ணே.