ஸ்பாக் வெறும் எழுத்தாளர்கள் உருவாக்கியவர் அல்ல

'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் ஸ்பாக் பாத்திரத்தைப் பற்றி, "ஸ்பாக் முழுக்க எழுத்தாளர்களின் படைப்பு, லெனார்ட் நிமாய் கூர்க்காது ஒட்டிக்கொண்டு வசனம் பேசியவர், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியல்ல. பாத்திரத்தைக் கற்பனை செய்தவர் ஜீன் ராடன்பெரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்பாக் என்றதும் நம் கண் முன் வருபவற்றில் பாதி நிமாய் கொண்டுவந்தது.

ஸ்பாக்கின் அந்தக் கை வணக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிமாய் பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது, யூத ஜெப ஆலயத்தில் குருமார் ஆசி வழங்கும் நேரம் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இவர் ஒளிந்து பார்த்துவிட்டார். பிரார்த்தனைத் துணியால் தலையை மூடிய குருமார், நான்கு விரல்களையும் இரண்டிரண்டாகப் பிரித்து இரு கைகளையும் நீட்டி நின்றார்கள். அந்தக் காட்சி அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. 1967இல் ஸ்பாக்கின் வேற்றுக்கிரக இனமான வல்கன்களுக்கு ஒரு வணக்க முறை தேவைப்பட்டபோது, அதையே ஒரு கையால் செய்து காட்டினார். இன்று உலகமே செய்கிறது.

எதிராளியை மயங்கி விழச் செய்யும் ஸ்பாக்கின் கழுத்துப் பிடியும் அவர் யோசனைதான். துப்பாக்கியின் பின்புறத்தால் தலையில் அடிக்க வேண்டும் என்றுதான் ஸ்கிரிப்டில் இருந்தது. ஒரு வல்கன் அப்படிச் செய்யமாட்டான் என்று அவருக்குத் தோன்றியது. கேப்டன் கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் சட்டென்று சரிந்து விழுந்த அழகில்தான் அது நம்பும்படி ஆனது, அவருக்கும் பங்கு உண்டு.

அப்புறம், "நீடு வாழ்க, வளம் பெறுக" என்ற வல்கன் வாழ்த்து மட்டும் நிமாயுடையது அல்ல. அதை எழுதியவர் தியடோர் ஸ்டர்ஜன்.