கிஃப்ட் என்றால் பரிசு மட்டும்தானா?

'கிஃப்ட்' என்ற சொல்லுக்குப் பரிசு, அன்பளிப்பு, பிறவித் திறமை என்று கட்டுரையில் பொருள் தந்திருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. சட்டத்தில் அதற்குள்ள பொருளையும் சேர்த்திருக்கலாம். நம் ஊர்ப் பெரியவர்கள் பலரை அதிகம் பாதிப்பது அதுதான்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 122-ன்படி, கைம்மாறு எதுவும் வாங்காமல், மனமுவந்து, இப்போது கையில் இருக்கும் சொத்தைக் கொடுப்பதே கிஃப்ட். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வீடு, நிலம் என்றால் பத்திரப்பதிவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் தேவை. (இஸ்லாமியர்கள் தங்கள் மதச் சட்டப்படி கொடுக்கும் கொடையான ஹிபாவுக்கு விதி வேறு.)

நம் பக்கம் இதைத் தான செட்டில்மென்ட் என்பார்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், இதை அப்படி நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. இது தெரியாமலே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிட்டு, அப்புறம் சாப்பாட்டுக்கே கையேந்தும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 இவர்களுக்காகவே இருக்கிறது. என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அந்தப் பிள்ளை கவனிக்காவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனையை வாய்ப்பேச்சாக விடாமல் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லையென்றால் வழக்கு இழுபறியாகிவிடும்.