பச்சை காட்டிய பில்டும் பெயர் சிதைந்த பில்லும்

கடைகளுக்கான பில் மென்பொருளை எழுதுகிறவன் நான். உருவாக்கிய கோப்பு தப்பாக இருந்தும், எல்லாம் சரி என்று பச்சை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பில்டை, அதாவது அந்த மென்பொருளைத் தானாகக் கோத்துத் தரும் ஏற்பாட்டை, இனி என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. உடைந்தால் உடைந்துவிட்டது என்று சொல்லட்டும், நள்ளிரவானாலும் எழுந்து உட்கார்ந்து சரிசெய்து கொடுக்கிறேன். உடைந்ததை மூடிமறைத்து வாடிக்கையாளரின் கடை வரைக்கும் அனுப்பிவிட்டு, அவர் போன் செய்து சொன்ன பிறகு நாம் தெரிந்துகொள்வது என்ன பிழைப்பு?

போன சனிக்கிழமை காலை 9 மணி. தாம்பரத்தில் வீட்டைவிட்டு இறங்கி வண்டியை எடுக்கும்போது, பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, பில்லுல எங்க கடைப் பேருக்கு நடுவுல, மெயில் ஐடியில வருமே ஒரு குறி, அது ரெண்டு தடவை வருது. அதுக்குள்ள இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு. காலையில போன பில் அத்தனையும் இப்படித்தான் போயிருக்கு" என்றார். வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பினார். பில் ரோலின் தலைமாட்டில் கொட்டை எழுத்தில் அவருடைய தாத்தாவின் பெயர், அடுத்து @ஷாப்_நேம்@, அதற்கு அடுத்து சன்ஸ். வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் அனுப்பிய புது வெர்ஷன்தான் அது. பில்ட் படிப்படியாக ஓடும் பைப்லைனில் ஒரு கட்டம்கூடச் சிவக்கவில்லை.

பில்லின் மாதிரிக் கோப்பான டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. கடைகளின் விவரம் இருக்கும் கோப்பைப் பார்த்தேன், அதில் பெயரும் சரியாக இருந்தது. இட்டு நிரப்ப வேண்டிய குறி அச்சில் அப்படியே நிற்கிறதே, அப்படியானால் அதை நிரப்பும் ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். முந்தைய பில்ட் சேர்த்துவைத்த கேஷை அழித்துவிட்டு மறுபடி பில்ட் போட்டேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து அதே கோப்பு, அதே பச்சை. வேறு மெஷினில் போட்டேன், இன்னும் இருபத்தைந்து நிமிடம் போயிற்று. அங்கேயும் அதே தாத்தா பெயர், அதே @ஷாப்_நேம்@, அதே சன்ஸ். இதற்குள் அண்ணாச்சி நான்கு முறை கூப்பிட்டுவிட்டார். நான்காவது முறை அவர் கோபப்படக்கூட இல்லை, "கஸ்டமர் கேக்கிறாங்க தம்பி, என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார். ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்றால் தாத்தாவின் பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்குள் எழும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

ஸ்கிரிப்ட் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. வில்லங்கம் கடைப் பெயரின் நடுவில் இருந்த & குறியில் இருந்தது. கோப்பில் சொற்களை மாற்றிவைக்கும் 'செட்' (sed) கட்டளையில், எதை எடுத்துவிட்டு எதை வைக்க வேண்டும் என்று சொல்லும்போது, வைக்க வேண்டிய பகுதியில் & வந்தால் அதற்குப் பொருள் 'அண்ட்' அல்ல; எந்தச் சொல்லை எடுக்கச் சொன்னோமோ அந்தச் சொல்லையே திரும்ப அங்கே வை என்பதுதான் பொருள். இது பழைய 'எட்' எடிட்டர் காலத்திலிருந்து இருக்கும் வழக்கம், கையேட்டிலும் இருக்கிறது. எனவே @ஷாப்_நேம்@ என்பதை எடுத்துவிட்டுக் கடைப் பெயரை வைத்த கட்டளை, கடைப் பெயருக்கு நடுவே & இருந்த இடத்தில் மறுபடி @ஷாப்_நேம்@ என்பதையே கொண்டுவந்து வைத்துவிட்டது. முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டிருந்தால் & வெறும் & ஆக நின்றிருக்கும். இத்தனை நாளும் அந்தப் பெயரை 'அண்ட்' என்று எழுத்துக்கூட்டியே வைத்திருந்தோம். கடையின் போர்டில் இருப்பது போலவே பில்லிலும் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டுக் கேட்டார், நாங்களும் மாற்றினோம். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. 'செட்'டின் மேலும் எனக்குக் கோபமில்லை, அது தன் கையேட்டில் உள்ளபடிதான் நடந்துகொண்டது. வெளியிலிருந்து வரும் பெயரைக் கழுவாமல் துடைக்காமல் நேராகக் கட்டளைக்குள் திணித்துவிட்டு, வெளியே என்ன வந்தது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் பாஸ் போட்ட எங்கள் பில்டின் மேல்தான் கோபம்.

இதே 'செட்' வரி முன்பு ஒருமுறை உடைந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு பிராஞ்சின் பெயரில் சாய்கோடு வந்தது. 'செட்' அதை, எடுப்பதையும் வைப்பதையும் பிரிக்கும் தன் எல்லைக்கோடு என்று எடுத்துக்கொண்டு, மீதியைப் புரிந்துகொள்ள முடியாமல் பிழை சொல்லி நின்றது, பில்ட் சிவந்தது, பத்து நிமிடத்தில் எல்லைக்கோடாகச் சாய்கோட்டுக்குப் பதில் செங்குத்துக் கோடு போட்டுத் திருத்தினோம். கத்திவிட்டு நிற்கும் பிழை அவ்வளவு சுலபமானது. அன்றே அந்த வரியை ஒழுங்காகத் திருத்தி எழுதுவோம் என்று சொன்னேன். "இவ்வளவு நாள் ஒர்க் ஆகுதில்ல, தொடாதீங்க" என்ற பதில்தான் கிடைத்தது.

இந்தத் 'தொடாதீங்க' எங்கள் தொழிலுக்கே பிடித்த பழைய வியாதி. 1976இல் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் பில்ட் போடும் 'மேக்' கருவியை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், கட்டளை வரிகள் டேப் குறியில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்தார். அது தொல்லை என்று அவருக்குத் தெரியவந்தபோது, ஏறக்குறைய பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரமம் வரக்கூடாது என்று விட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக, டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் விழுந்துவிட்டதா என்று இன்றைக்கும் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சனிக்கிழமை மதியம் நான் ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே, அவசரம் என்று குழுவில் ஒருவர் உருவான கோப்பை மட்டும் கையால் திருத்திக் கடைக்கு அனுப்பிவிட்டார். என் திருத்தம், குழுவில் மற்றவர்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டிய ரிவ்யூவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை வேறு ஏதோ மாற்றத்துக்காக பில்ட் ஓடியது. டெம்ப்ளேட்டிலிருந்து கோப்பு புதிதாக உருவானது. கையால் செய்த திருத்தம் போன இடம் தெரியவில்லை. "இது தானாக உருவாகும் கோப்பு, இதில் கை வைக்காதீர்கள்" என்று அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது. அண்ணாச்சிக்கு மறுபடியும் அதே பில். இரண்டாவது முறை அவரிடம் என்ன சொல்வது?

'செட்'டை விட்டுவிட்டு மாறிகளின் மதிப்பைக் கோப்பில் நிரப்பும் 'என்வ்சப்ஸ்ட்' கருவியைப் போடலாம் என்று மீட்டிங்கில் ஒரு யோசனை வந்தது. அது இதைவிட ஆபத்து. மதிப்பு தரப்படாத மாறியைப் பார்த்தால் அது ஒரு வார்த்தை பேசாமல் வெற்றிடத்தை வைத்துவிட்டுப் போய்விடும். எதை மட்டும் நிரப்ப வேண்டும் என்று பட்டியல் கொடுக்காமல் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் கோப்பை அதனிடம் கொடுத்துப் பாருங்கள், டாலர் குறியோடு இருக்கும் ஹோஸ்ட், யூஆர்ஐ எல்லாவற்றையும் தின்றுவிடும். பில்ட் கருவியான சிமேக்கின் கான்ஃபிகர் ஃபைலும் தெரியாத பெயருக்கு வெற்றிடத்தைத்தான் வைக்கும். டெம்ப்ளேட் நிரப்பும் ஜிஞ்சாவும் சும்மா விட்டால் அப்படித்தான். ஆனால் அதில் ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைன்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் தெரியாத பெயரைக் கண்டதும் பிழை சொல்லி நிற்கும். நான் கேட்பது அந்த ஒன்றைத்தான். கருவி எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிற்கட்டும்.

ரிவ்யூவில் கிடக்கும் என் திருத்தத்தில், பெயரில் வரும் & குறிக்கும் பின்சாய்கோட்டுக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு சேர்த்துவிட்டுப் பிறகு 'செட்'டிடம் கொடுக்கிறேன். கூடவே, கோப்புக்குள் தேடும் ஒரு கிரெப் வரி. உருவான கோப்பில் இரண்டு @ குறிகளுக்கு நடுவே இங்கிலீஷ் பெரிய எழுத்துப் பெயர் ஏதாவது மிச்சம் இருந்தால் பில்ட் அங்கேயே நிற்கும். மின்னஞ்சல் முகவரியில் ஒரு @ தான் வரும் என்பதால் அதோடு குழம்பாது. இன்று வியாழக்கிழமை. இதுவரை அதற்கு வந்திருப்பது ஒரே ஒரு கருத்து: "பில்ட் நேரம் கூடுமா?" நாற்பது வரிக் கோப்பைத் தேட ஒரு நொடிகூட ஆகாது, அளந்து பார்த்து எழுதியும் போட்டுவிட்டேன். பதில் இல்லை.

நேற்று மாலை பாரிமுனைக்கு நேரில் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் திங்கட்கிழமை பில்களில் கடைக்கு வைத்துக்கொள்ளும் நகல்கள் கம்பியில் குத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் அண்ணாச்சி நீல மையால் @ஷாப்_நேம்@ என்பதை அடித்துவிட்டு, மேலே தன் கையால் & என்று எழுதியிருந்தார்.