'சரிபார்த்தவர்' என்றொரு கட்டம்

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அலுவலகம் நடத்துகிற ஓர் ஆர்க்கிடெக்ட் மேடையில் பேசிய அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சம்பளம் எதற்கு? நியாயமாகப் பார்த்தால் கற்றுக்கொடுப்பதற்கு அவர்கள்தான் எங்களுக்குப் பணம் தர வேண்டும்." அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த இளைஞர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஐயா, சம்பளத்தை அப்புறம் பேசுவோம். கற்றுக்கொடுக்கிறோம் என்றீர்களே, எதைக் கற்றுக்கொடுத்தீர்கள்?

என் பயிற்சிக் காலத்தில் முதல் ஏழு மாதம் கழிப்பறை டைல்ஸும் கதவுப் பட்டியலும்தான். குறையாகச் சொல்லவில்லை. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று தெரியாத ஆர்க்கிடெக்ட் ஆபத்தானவர். ஆனால் ஏன் அந்தப் பக்கம் என்று ஒருவரும் சொன்னதில்லை. எட்டாவது மாதம் ஒரு மாடிப்படியை வரையச் சொன்னார்கள். வரைந்தேன். வரைபடத்தின் மூலையில் 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதில் என் முதலெழுத்துகள், இரண்டாவதில் அலுவலகத் தலைவருடையவை. அவர் அன்று ஊரிலேயே இல்லை.

கட்டுமான இடத்துக்கு நான் முதன்முதலாகப் போனதே அந்தப் படிக்கட்டு எழும்பிய பிறகுதான். மேஸ்திரி திட்டவில்லை. "ஏறி வாங்க தம்பி" என்றார். ஏறினேன். ஆறாவது படியில் நெற்றி பீமில் இடித்தது. படிக்கும் பீமுக்கும் நடுவே இரண்டு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை மீட்டர்தான் இருந்தது. அவர் உளியின் முனையால் ஈரமணலில் படிகளைப் பக்கவாட்டில் கீறிக் காட்டி, "படியை மட்டும் பார்க்காதீங்க, படியில ஏறுற ஆளையும் சேர்த்து வரைங்க" என்றார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஓராண்டில் எனக்குக் கிடைத்த பாடம் அது ஒன்றுதான். கற்றுக்கொடுத்தவருக்குப் பட்டமும் இல்லை, உரிமமும் இல்லை. ஆண்டு முடிந்ததும் என் பயிற்சிச் சான்றிதழில் 'நேரடி வழிகாட்டுதலில் பயின்றார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

"அந்தக் காலத்தில் நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்று ஒரு கூட்டம் இப்போதே கிளம்பியிருக்கும். புகழ்பெற்ற அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் லாயிட் ரைட்டையும் இழுப்பார்கள். ஆமாம், 1932-ல் டாலியசின் என்ற அவருடைய பண்ணை வீட்டில் அவரிடம் பயில வந்தவர்கள் கட்டணம் கட்டிவிட்டுச் சமையலறையிலும் வயலிலும் வேலை செய்தார்கள். அதே ரைட், தான் இளம் வயதில் சிகாகோ ஆர்க்கிடெக்ட் லூயி சல்லிவனிடம் வேலை பார்த்தபோது வெளியில் ரகசியமாக வீடுகளை வடிவமைத்து, அது தெரியவந்து 1893-ல் வெளியேறினார். அந்தப் பகுதியை மட்டும் ஏன் மேடையில் யாரும் சொல்வதில்லை?

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட் உரிமம் பெற 3,740 மணி நேர அனுபவத்தை ஆறு பிரிவுகளாகக் கணக்குக் காட்ட வேண்டும். கட்டுமானப் பிரிவுக்கு மட்டும் 360 மணி நேரம். மேற்பார்வையாளர் ஒப்புதல் தந்தால்தான் கணக்கில் ஏறும். அந்த ஏற்பாடு புனிதமானது என்று சொல்ல வரவில்லை. எந்தக் கணக்கையும் ஒப்பேற்றலாம். ஆனால் எனக்கு அப்படியொரு தாள் தந்திருந்தால், கட்டுமானப் பிரிவில் நெற்றி வீங்கிய அந்த ஒரு மதியத்தைத்தான் எழுதியிருப்பேன்.

சிறிய அலுவலகம், வருமானம் போதவில்லை என்கிறீர்களா? சம்பளம் தர முடியாவிட்டால் ஆள் எடுக்காதீர்கள். முடிந்தது. 2019-ல் லண்டன் செர்ப்பன்டைன் காட்சிக்கூடத்தின் பந்தலை வடிவமைத்த அலுவலகம் ஊதியமின்றிப் பயிற்சியாளர்களை அமர்த்துகிறது என்று தெரிந்தபோது, அந்தப் பணியில் இருக்கும் அனைவருக்கும் ஊதியம் தர வேண்டும் என்று காட்சிக்கூடமே சொன்னது. உலகம் இடிந்து விழவில்லை.

"இப்போது வருகிற பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என்னிடமும் இருவர் இருக்கிறார்கள். ஒருவனுக்கு அளவுகோலைவிடக் கைப்பேசிதான் நெருக்கம். இருக்கட்டும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் பொறுமை எங்கிருந்து வரும்?

இதெல்லாம் வயிற்றெரிச்சல் என்பீர்கள். இருக்கலாம். எனக்கு உரிமம் கிடைத்த ஆண்டு, ஒரு விழாவில் என் பழைய தலைவர் தோளில் கைபோட்டு "என் மாணவன்" என்று நாலு பேரிடம் அறிமுகப்படுத்தினார். என் பெயரைத் தப்பாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. சிரித்தேன், அந்த முன்வரிசை இளைஞர்களைப் போலவே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கைப்பேசிக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவன் வரைந்த படிக்கட்டு திங்கட்கிழமையிலிருந்து என் மேசையில் கிடக்கிறது. 'சரிபார்த்தவர்' கட்டத்தில் என் முதலெழுத்துகளை அவனே தட்டச்சு செய்து வைத்திருக்கிறான். நான் இன்னும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.