அந்தப் பையன் என்னய்யா பண்ணுவான்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் டிவியில் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு ஸ்பைடர்மேனாக நடித்த ‘தி அமேஸிங் ஸ்பைடர்மேன் 2’, தமிழ் டப்பிங்கில். பக்கத்தில் என் சித்தப்பா பையன். படம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, “இருக்கிறதுலயே மட்டமான ஸ்பைடர்மேன் இவன்தாண்ணே” என்று ஆரம்பித்துவிட்டான். பத்து வருஷமாக இதே பாட்டு. நானும் எவ்வளவுதான் பொறுத்துக்கொள்வது?

படம் சொதப்பல்தான். இல்லையென்று எந்த மடையன் சொன்னான்? 2 மணி 22 நிமிடம் ஓடுகிறது. ஆரம்பத்திலேயே பீட்டரின் (ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர்) அப்பா அம்மா விமானத்தில் ஒரு கொலைகாரனோடு சண்டை போட்டுச் சாகிறார்கள். அந்த ரகசியத்தைத் தேடிப் பையன் பாழடைந்த ரயில் நிலையம் வரைக்கும் போகிறான். கண்டுபிடித்தது கதைக்கு எதற்காவது உதவியதா என்றால், இல்லை. ஜேமி ஃபாக்ஸ், ஆஸ்கர் வாங்கிய மனுஷன். அவருக்கு வழுக்கையை மறைக்கிற மாதிரி முடியை இழுத்து வாரிவிட்டு, மின்சார விலாங்கு மீன் தொட்டிக்குள் தள்ளி, எலக்ட்ரோ என்ற வில்லனாக, நீல பல்பு மாதிரி வெளியே எடுத்தார்கள். டைம்ஸ் ஸ்கொயர் திரைகளில் தன் முகம் போய் ஸ்பைடர்மேன் முகம் வந்துவிட்டதாம், அந்தக் கோபத்தில் ஊருக்கே கரண்ட்டைப் பிடுங்குகிறார். கரண்ட் போனால் மிரண்டுபோக நாம் என்ன நியூயார்க்கிலா இருக்கிறோம்?

போஸ்டரில் பெரிதாகக் காட்டிய இன்னொரு வில்லன் ரைனோ, தொடக்கத்தில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். சண்டை சூடு பிடிக்கும்போது படமே முடிந்துவிடுகிறது. பீட்டரின் நண்பன் ஹாரி ஆஸ்பார்ன் வந்தான், நோய் என்றான், கோப்ளின் என்ற வில்லன் ஆனான், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? பேராசைதான். இந்தப் படம் வருவதற்கு முன்பே, படத்தை எடுத்த சோனிக்காரர்கள் மூன்றாம் பாகம், நான்காம் பாகத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். 2013 டிசம்பரில் வெனம், சினிஸ்டர் சிக்ஸ் என்று வில்லன்களுக்கே தனிப் படம் எடுப்பதாக வேறு அறிவிப்பு. பந்தியில் உட்கார்ந்தவனுக்குச் சோறு போடாமல் அடுத்த மூன்று கல்யாணத்துக்குப் பத்திரிகை நீட்டினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு படம். இதில் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு என்ன குற்றம் செய்தார்?

2011-இல் காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் சான் டியாகோ காமிக்-கான் விழாவுக்கு, கடையில் விற்கிற மட்டமான ஸ்பைடர்மேன் உடையைப் போட்டுக்கொண்டு ரசிகர்களோடு ரசிகனாக மைக் முன் நின்றவர் அவர். முகமூடியைக் கழற்றி, கை நடுங்க நடுங்கத் தாளைப் பார்த்துப் படித்தார். சின்ன வயதில் இந்தப் பாத்திரம் தனக்கு என்ன செய்தது என்று. சம்பளத்துக்காக உடை மாட்டிய ஆள் இல்லை அவர். படத்திலேயே பாருங்கள், தலையில் தீயணைப்பு வீரர் தொப்பியோடு எலக்ட்ரோ மேல் தண்ணீர் அடிக்கும்போது அந்தக் குறும்பு. அத்தை மே தன் மனக்காயத்தைக் கொட்டும்போது கண் கலங்கி நிற்கிற நிலை. காதலி க்வென்னாக வரும் எம்மா ஸ்டோனோடு பேசுகிற காட்சியெல்லாம் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஒட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்த மணிக்கூண்டு. க்வென் விழுகிறாள். பின்னாலேயே வலை பாய்கிறது, நுனி விரிந்து ஐந்து விரல் நீட்டிய கை மாதிரி ஆகிறது. பிடித்தும் விடுகிறது. ஆனால் பின்மண்டை தரையில் மோதிவிட்டது. (கடிகாரம் 1:21-இல் நிற்கும். 1973-இல் அவள் செத்த காமிக்ஸ் இதழின் எண் 121.) முகமூடி இல்லாமல் அவளை மடியில் போட்டுக்கொண்டு அவர் முதலில் நம்ப மறுப்பார், அப்புறம் கெஞ்சுவார், அப்புறம் குரலே வராது. வில்லன், கிராபிக்ஸ், ரகசிய ஆய்வகம் எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள், அந்த இரண்டு நிமிடம் போதும்.

அதற்குக் கிடைத்த பரிசு? உலகம் முழுக்க 70 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆனாலும் அதுவரை வந்த ஐந்து ஸ்பைடர்மேன் படங்களில் அதுதான் குறைவு. 2015 பிப்ரவரியில் சோனியும் மார்வெலும் கைகோத்தன, புது ஸ்பைடர்மேனாக டாம் ஹாலண்ட் வந்தார், இவர் வெளியே. கதையைக் கெடுத்தது யாரோ, கணக்குத் தீர்த்தது இவரிடம்.

இதில் எனக்கு ரத்தம் கொதிக்கிற இடமே வேறு. 2021-இல் பழைய ஸ்பைடர்மேன்களையும் கூட்டி வந்த ‘நோ வே ஹோம்’ வந்தபோது இதே ஆள், விழுகிற புது ஸ்பைடர்மேனின் காதலி எம்.ஜே.வைப் பிடித்துவிட்டுக் கண்ணீரோடு நின்றாரே, அப்போது தியேட்டரில் விசில் அடித்தவன் யார்? என் சித்தப்பா பையன். ஒரு மாசம் வாட்ஸ்அப் டிபியில் ஆண்ட்ரூ. ஏன்டா, அந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? நீ மட்டம் என்று சொல்கிற இந்தப் படத்திலிருந்துதானே!

சரி, மணிக்கூண்டு வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வந்தது. நூல் அறுந்தது, க்வென் விழுகிறாள், வலை விரிகிறது. சோப்பு விளம்பரம்! அடுத்து மசாலாத் தூள், அதற்கடுத்து உள்ளாடை. என் கையில் ரிமோட் நடுங்குகிறது. இவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொல்கிறான்: “டாம் ஹாலண்டா இருந்தா பிடிச்சிருப்பாண்ணே.”

எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.