மூன்று ராத்திரிக்கு ஒரு தொட்டில் கேட்கிறேன்

போன ஆடி மாதம், ராத்திரி பதினொரு மணி இருக்கும். எதிர் வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை, கையில் நாலு வயது மகள். ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்த கணவர் பைக்கோடு விழுந்து, தலையில் பலத்த அடி. "அக்கா, ஐசியூ வாசல்ல பசங்கள விடமாட்டேங்குறாங்க. சின்னவன் பால் குடிக்கிறவன், நான் எடுத்துட்டுப் போறேன். இவளை மட்டும் வெச்சுக்கங்கக்கா" என்றாள். அவளுக்கு அம்மா இல்லை. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது.

ஒன்பது ராத்திரி அந்தக் குழந்தை என் வீட்டில் இருந்தாள். முதல் நாள் அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டே படுத்தாள். கழற்றப் போனால் காலை இழுத்துக்கொண்டாள். அம்மா வந்ததும் உடனே கிளம்பணுமாம். மூன்றாம் நாள் அவள் அம்மாவின் பழைய நைட்டி ஒன்றைக் கேட்டு வாங்கித் தலைக்கு வைத்தேன். அன்றைக்குத்தான் செருப்பு வாசலுக்குப் போனது.

சரி, நான் எதிர் வீட்டில் இருந்தேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் ரயில் இறங்கி, வைத்தியத்துக்காக எங்கள் வேலூரில் லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு எதிர் வீடு ஏது? 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதிலிருந்து ஊர் ஊராக மக்கள் வந்து குணமாகிப் போகிற ஊர் இது. நோயாளிக்குக் கட்டில் கிடைக்கிறது. நோயாளியின் பிள்ளைக்கு வராண்டாதான்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணலாமா என்று எதிர் வீட்டுப் பெண்ணிடம் அப்போது கேட்டேன். முகமே மாறிவிட்டது. "வேணாங்க்கா, புள்ளைய ஹோம்ல போட்டுடுவாங்க." இந்தப் பயத்தைப் பல தாய்மார்களிடம் பார்த்திருக்கிறேன். 2015-ம் வருட சிறார் நீதிச் சட்டமோ, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. பெற்றவர்களுக்கு முடியாத நிலையில், பிள்ளை வீட்டிலேயே வளர மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி இருக்கிறது. 2025 செப்டம்பரில் தமிழக அரசு ஆரம்பித்த அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். நல்ல திட்டங்கள், இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் மனு, சான்றிதழ், விசாரணை என்று வாரக்கணக்கில் நடக்கிற வேலை இது. ராத்திரி பதினொரு மணிக்கு அவளுக்கு வேண்டியிருந்தது பணம் இல்லை, ஒரு பாய், ஒரு டம்ளர் பால், நம்பகமான ஒரு ஆள்.

அங்கன்வாடி பகலோடு மூடிவிடும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தினார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ தைக்கிற பெண்களுக்கு அது பெரிய விஷயம். அதுவும் வேலை நேரத்துக்குத்தான்.

நான் கேட்பது, அரசு மருத்துவமனை பக்கத்தில் ஒரு கூடம். பத்துத் தொட்டில், பாய், ராத்திரியிலும் முழித்திருக்கிற இரண்டு ஆயாம்மா. தாய் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை விட்டுப் போகலாம், நினைத்த நேரம் வந்து பால் கொடுக்கலாம், மூன்று நாளோ பத்து நாளோ கழித்துக் கூட்டிப் போகலாம். 'கைவிடப்பட்ட குழந்தை' என்று எந்தத் தாளிலும் எழுதக் கூடாது. யார் பொறுப்பு என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். போலீஸ் சரிபார்ப்பு, கேமரா, விட்டவர் படத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது, எல்லாம் வேண்டும். அப்புறம் இந்த வேலையையும் அங்கன்வாடி அக்காக்கள் தலையில் கட்டிவிடாதீர்கள், அவர்கள் ஏற்கெனவே சுமக்கிறது போதும். தனியாக ஆள் போட்டு ஒழுங்கான சம்பளம் கொடுக்க வேண்டும்.

அவள் கணவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். வருகிற திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறோம், அவளும் வருகிறாள். வரக்கூடியவர்கள் காலை ஒன்பதரைக்கு வாசலில் இருங்கள். கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டே வாங்க, மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.